எட்டும் தூரமும் எட்டாத் தூரமும்

வாளேந்திய இருவர் பொறி பறக்க ஓயாது மோதும் காட்சியைத் திரைப்படங்களில் நாம் பலமுறை கண்டிருக்கிறோம். ஆனால், ஐரோப்பாவின் பழைய வாட்போர் ஆசிரியர்கள் எழுதிவைத்த நூல்களை நோக்கினால், வாள் வீசுவதினும் நுட்பமான வித்தை ஒன்று புலனாகின்றது. எதிரிக்கும் தனக்கும் இடையேயுள்ள தூரத்தை அறிவதே அது.

இத்தாலியர் இதனை 'மிசுரா' என்றனர். அளவு என்பது அதன் பொருள். சல்வத்தோர் பாப்ரிஸ் என்னும் இத்தாலிய ஆசிரியர், 1606இல் கொப்பன்ஹேகனில் வெளியிட்ட நூலில் அவ்வளவை இரண்டாக வகுத்தார். முன்காலை எடுத்து வைத்தால் எதிரியைத் தொடக்கூடிய தூரம் அகன்ற அளவு. கால் பெயராமல், உடலைச் சாய்த்த மாத்திரத்தில் தொடக்கூடிய தூரம் குறுகிய அளவு.

இவ்வேறுபாடு ஏன் இத்துணை முக்கியமாயிற்று? கை விரைவாகச் செல்லும். காலோ தாமதித்தே செல்லும். இதனைத் தெளிவாக விளக்கியவர் ஆங்கிலேயரான ஜோர்ஜ் சில்வர். 1599இல் இலண்டனில் வெளியான தமது நூலில் இத்தாலிய வாட்போர் முறையை அவர் கடுமையாகச் சாடினார். கூர்வாளை நீட்டியபடி இருவரும் ஒருங்கே பாய்ந்து, இருவருமே வீழும் கேட்டினை அவர் எடுத்துக் காட்டினார். எதிரி அடியெடுத்து வைத்தாலன்றித் தன்னைத் தொடமுடியாத தூரத்தில் ஒருவன் நிற்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அவ்வாறு நின்றால், எதிரியின் கால் அசையும் அந்தச் சிறுபொழுதே தன்னைக் காத்துக்கொள்ளப் போதுமானதாகும். இத்தாலியரோடு முரண்பட்ட அவரும் தூரத்தின் அருமையில் அவர்களோடு ஒத்தே நின்றார் என்பது கருதத்தக்கது.

எனினும், இதனைக் கற்பது எளிதன்று. கண்ணுக்கு நேரே நீட்டப்பட்ட வாள் ஒரு புள்ளியாகவே தோன்றும். அதன் நீளம் புலப்படாது. மேலும், எதிரி தன் பின்காலை மெல்ல முன்காலின் அருகே இழுத்துக்கொள்வான். அவன் மார்பும் தலையும் இருந்த இடத்திலேயே இருப்பதாகத் தோன்றும். பாய்ச்சலோ முன்னையினும் நீண்டுவிடும். வாள்முனையை மட்டுமே நோக்குபவன் இவ்வஞ்சகத்தை அறியான். ஆகவே, எதிரியின் முழு உருவத்தையும், சிறப்பாக அவன் கால்களையும் கவனிக்கப் பழகவேண்டும்.

இன்று பல நாடுகளில் இப்பழைய நூல்களைக் கொண்டு, முகக்கவசம் அணிந்து, கூர்மழுங்கிய வாளுடன் பயில்வோர் உளர். அவர்களது பயிற்சிகளுள் ஒன்று மிக எளியது. இருவர் வாளின்றி எதிரெதிரே நிற்பர். ஒருவர் முன்னேறினால் மற்றவர் பின்வாங்குவர். ஒருவர் பின்வாங்கினால் மற்றவர் முன்னேறுவர். இடைவெளி மட்டும் மாறாதிருக்க வேண்டும். முதலில் கால்கள் தடுமாறும். நாளடைவில் எண்ணிப் பாராமலே கால்கள் அளவை அறிந்துகொள்ளும்.

அச்சமுற்றவன் அளவுக்கு மீறி விலகுகிறான். அவனால் எதிரியைத் தொட இயலாது. பதற்றமுற்றவன் அளவுக்கு மீறி நெருங்குகிறான். அவனால் தன்னைக் காக்க இயலாது. அன்று அப்பிழையின் விலை உயிர். இன்று உடலில் ஒரு சிறு தழும்பு. விலை குறைந்ததேயன்றிப் பாடம் குறையவில்லை. எந்தக் கலையையும் கற்கப் புகும் மாணவர், வேகத்தை நாடுமுன் அளவை நாடுவாராக.