பிறவியிலேயே அறிந்தவர் யார்?



பௌர்ணமிதோறும் நம் ஊரில் திரளான ஜனங்கள் மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நடந்து செல்வதைக் காண்கிறோம். அந்நாட்களில் நம் சபையாரிடமிருந்து ஒரு வார்த்தை அடிக்கடி எழுகிறது: "ஒன்றும் அறியாத ஜனங்கள், ஐயா." அதே வாய் வேறொரு சமயத்தில் இப்படியும் சொல்கிறது: "நாங்கள் மூன்று தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள். எங்கள் பிள்ளைகளுக்கு விசுவாசம் இரத்தத்திலேயே ஊறியது." அயலாருடைய உள்ளம் வெறும் பலகை என்கிறது முதல் வார்த்தை. நம் பிள்ளையின் உள்ளமோ எழுதப்பட்டே பிறந்தது என்கிறது இரண்டாவது. மனுஷர் யாவரையும் ஒரே தேவன் படைத்தார் என்று அறிக்கையிடுகிற நாம் இந்த இருவகைப் பிறப்பை எங்கே கண்டுபிடித்தோம்?

அறிவு பிறவியிலேயே உள்ளதா, அனுபவத்தினால் வருவதா என்பது மிகப் பழைய வழக்கு. கல்வியறிவில்லாத ஓர் அடிமைச் சிறுவனிடம் சாக்ரடீஸ் கேள்விமேல் கேள்வி கேட்டு, அவனைக்கொண்டே ஒரு வடிவகணித உண்மையைச் சொல்லவைத்ததாகப் பிளேட்டோ எழுதினார். அவருக்கு அறிதல் என்பது நினைவுகூர்தலே. 1690-ஆம் ஆண்டைத் தலைப்புப் பக்கத்தில் தாங்கி வெளிவந்த தம் நூலில் ஆங்கிலேய அறிஞர் ஜான் லாக் இதை மறுத்தார். பிறக்கும்போது மனம் எழுத்தில்லாத வெள்ளைத்தாள், அனுபவமே அதில் எழுதுகிறது என்பது அவர் வாதம்.

இந்த வழக்கு நம் ஊருக்குப் புறம்பானதன்று. மதுரையில் அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த வேங்கடராமன் என்னும் 16 வயதுச் சிறுவன், 1896-இல் மரணபயம் தன்னைப் பற்றிக்கொண்ட ஒரு வேளையில், "நான்" என்பது என்ன என்று தனக்குள் தேடினான். அவ்வாண்டு செப்டம்பர் 1-ஆம் நாள் திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்தான். அவரையே ரமண மகரிஷி என்று உலகம் அறிகிறது. அறிவு வெளியிலிருந்து சம்பாதிக்கப்படுவதன்று, அறியாமை நீங்கினால் எப்போதும் உள்ளதே விளங்கும் என்பது அவர் போதனையின் சாரம். மோசேக்குத் தேவன் தம் பெயரை அறிவித்த இடத்தையும், அமர்ந்திருக்கச் சொல்லும் 46-ஆம் சங்கீதத்தையும் அவர் பின்னாளில் பலமுறை எடுத்துச் சொன்னதுண்டு. அவரை இகழ்ந்து பேசுகிற பிரசங்கத்தில் எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் நான் அவரோடு முழுதும் சேர்ந்து நடக்க இயலாது. என் உள்ளத்தை எவ்வளவு ஆழமாகத் தோண்டினாலும் கல்வாரியை நான் அங்கே கண்டெடுக்க முடியாது. அது சரித்திரத்தில் நடந்தது. ஒருவர் வந்து எனக்குச் சொல்லவேண்டியதாயிற்று. கேட்காமல் விசுவாசம் வராது என்று ரோமர் 10-ஆம் அதிகாரத்தில் பவுல் வாதிடுவது இதனால்தான்.

அப்படியானால் லாக் சொன்னதே சரியா? அதே நிருபத்தின் 2-ஆம் அதிகாரம் நம்மைத் தடுத்து நிறுத்துகிறது. மோசேயின் பிரமாணத்தைக் கேட்டறியாத புறஜாதியாருடைய இருதயத்திலும் நியாயப்பிரமாணத்தின் கிரியை எழுதப்பட்டிருக்கிறது என்றும், அவர்கள் மனச்சாட்சியே அதற்குச் சாட்சி என்றும் அப்போஸ்தலன் கூறுகிறார். கிரிவலம் வருகிறவருடைய உள்ளமும் வெறும் பலகையன்று. அங்கே தேவனுடைய விரல் முன்னரே எழுதியிருக்கிறது.

இதைத் தமிழ் மண்ணில் முதலில் கண்டுகொண்ட புராட்டஸ்டண்டு மிஷனரிகளில் ஒருவர் சீகன்பால்க். 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த அவர், சிறுபிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். கற்பிக்க வந்தவர் முதலில் கற்க உட்கார்ந்ததை நான் பெரிதாக மதிக்கிறேன். உலகநீதி, கொன்றைவேந்தன், நீதிவெண்பா ஆகிய நூல்களை அவர் 1708-இலேயே ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். விக்கிரக ஆராதனையை அவர் கடுமையாகவே கண்டித்தார், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் தமிழரிடம் ஒழுக்க அறிவும் ஒரே பரம்பொருளைப்பற்றிய உணர்வும் இருப்பதையும் மறைக்காமல் எழுதினார். தென்னிந்தியத் தெய்வங்களைப்பற்றி 1713-இல் அவர் எழுதி முடித்த நூலை ஹாலேயிலிருந்த பெரியவர்கள் அச்சிட விரும்பவில்லை. அது அச்சேற 1867 வரை காத்திருந்தது. ஒன்றும் அறியாத ஜனங்கள் என்னும் எண்ணம் அன்று ஐரோப்பாவில் இருந்தது. இன்று அது நம் சபை வாசலில் நின்று பேசுகிறது.

இனி நம் பிள்ளைகளைப்பற்றிய வார்த்தைக்கு வருவோம்.

1688-இல் டப்ளின் நகரத்து வில்லியம் மாலினோ என்பவர் லாக்கிற்கு ஒரு கேள்வி எழுதியனுப்பினார். உருண்டையையும் கனசதுரத்தையும் தொட்டு மட்டுமே அறிந்த ஒரு பிறவிக்குருடன் பார்வை பெற்றால், தொடாமலே எது எது என்று சொல்லுவானா? (அவர் மனைவி பார்வை இழந்தவர். இது அவருக்கு வெறும் தத்துவக் கேள்வியாக இருந்திருக்காது.) இக்கேள்வியை நேரடியாகச் சோதித்தறியும் வாய்ப்பு நம் நாட்டில் வாய்த்தது. பேராசிரியர் பவன் சின்ஹா தொடங்கிய "பிரகாஷ்" திட்டத்தில், பிறவியிலேயே பார்வையற்றிருந்த பிள்ளைகளுக்குக் கண் அறுவைசிகிச்சை செய்யப்பட்டது. அவர்களில் 8 முதல் 17 வயதுவரையான ஐவரைச் சோதித்த ஆய்வு 2011-இல் வெளிவந்தது. தாங்கள் சற்றுமுன் தொட்டறிந்த சிறு கட்டையைக் கண்ணால் பார்த்து அடையாளங்காண அவர்களால் இயலவில்லை. ஆனால், சில நாட்களுக்குள் மீண்டும் சோதிக்கப்பட்டவர்கள் வெகுவாகத் தேறியிருந்தார்கள். கண் திறந்தது ஒரே நாளில். பார்க்கப் பழகியதோ பின்பு. அவ்வளவு விரைவில் பழகும் திறமை அவர்களுக்குள் ஆயத்தமாயிருந்ததும் கவனிக்கத்தக்கது.

மாற்கு 8-ஆம் அதிகாரத்தில் பெத்சாயிதா ஊர்க் குருடனை நினைத்துப் பாருங்கள். ஆண்டவர் முதன்முறை தொட்டபின் அவனுக்கு மனுஷர் நடமாடும் மரங்களைப்போலத் தோன்றினார்கள். இரண்டாம் முறை தொட்டபின்பே தெளிவாகக் கண்டான். ஆண்டவர் அவன் குறையைக் கடிந்துகொள்ளவில்லை. என்ன காண்கிறாய் என்று கேட்டார், மறுபடியும் கைவைத்தார்.

பிறவியிலேயே எல்லாம் அறிந்தவர் என்று ஒருவரைச் சொல்லக்கூடுமானால், அவர் நம் ஆண்டவரே அல்லவா? ஆயினும் லூக்கா 2-ஆம் அதிகாரம் 12 வயது இயேசுவைப் போதகர் நடுவில் உட்கார்ந்து கேட்கிறவராகவும் வினவுகிறவராகவும் காட்டுகிறது. அவர் ஞானத்தில் வளர்ந்தார் என்றும் சொல்கிறது. எபிரெயர் 5-ஆம் அதிகாரம் இன்னும் ஒரு படி மேலே போய், குமாரனாயிருந்தும் பாடுகளினால் கீழ்ப்படிதலைக் கற்றுக்கொண்டார் என்கிறது. தேவகுமாரனே கற்றுக்கொண்டார் என்றால், நம் வீட்டுப் பிள்ளை கற்காமலே விசுவாசியாக வளர்ந்துவிடும் என்று நாம் எதைக்கொண்டு நம்புகிறோம்? தீமோத்தேயுவின் விசுவாசம் பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் முதலில் இருந்ததாகப் பவுல் எழுதுகிறார். அது இரத்தத்தில் ஊறி வந்ததன்று. சிறுவயது முதல் அவனுக்கு வேத எழுத்துக்கள் தெரிந்திருந்தன என்கிறார். ஒருவர் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாலன்றி எழுத்துக்கள் தெரியவராது.

ஞானோபதேசத்தைப் பிழையின்றி ஒப்பிக்கும் பிள்ளைகள் நம்மிடம் உண்டு. அது நல்லதே, அதைக் குறைகூற மாட்டேன். ஆனால் மருத்துவமனையில் படுத்திருக்கும் தாத்தாவின் அருகே நின்று ஜெபிக்கச் சொன்னால், அவர்களில் பலர் பெற்றோரின் முகத்தைப் பார்க்கிறார்கள். பெற்றோரோ போதகரின் முகத்தைப் பார்க்கிறார்கள்.

வருகிற மாதம் திடப்படுத்தல் வகுப்பு தொடங்குகிறது. இம்முறை தகப்பன், தாய் இருவரில் ஒருவராவது பிள்ளையோடு வந்து உட்காரும்படி வேண்டிக்கொள்கிறேன். முதல் வாரம் மனப்பாடம் கேட்கப்போவதில்லை. பிள்ளைகளும் பெற்றோரும் தேவனைப்பற்றித் தங்களுக்குள்ள கேள்விகளை ஒரு தாளில் எழுதிக் கொண்டுவாருங்கள். பௌர்ணமி நடைக்குச் செல்லும் உங்கள் அயலாரிடம், நீங்கள் எதைத் தேடி நடக்கிறீர்கள் என்று அன்போடு ஒருமுறை கேட்டு, அவர் சொல்லும் பதிலையும் அதே தாளில் எழுதிவாருங்கள். அங்கிருந்து தொடங்குவோம்.