இரண்டாம் காணிக்கை



எங்கோ ஒரு மாநிலத்தில் நிலம் நடுங்கியது என்னும் செய்தி வந்ததும் நம் பங்குகளில் நிகழ்வதை நாம் அறிவோம். அடுத்த ஞாயிறு திருப்பலியில் மன்றாட்டு எழும். ஆயரின் சுற்றுமடல் வாசிக்கப்படும். சிறப்புக் காணிக்கை எடுக்கப்படும். வின்சென்ட் தே பவுல் சபையார் வீடு வீடாகச் சென்று இயன்றதைத் திரட்டுவர். இவை யாவும் நன்றே. ஆனால் மூன்றாம் ஞாயிறு என்ன நிகழ்கிறது? செய்தித்தாளின் முதற்பக்கத்தை விட்டு அத்துயரம் நீங்கியதும், நம் மன்றாட்டிலிருந்தும் அது நீங்கிவிடுகிறது. உண்மையான துயர் துடைப்புப் பணியோ அப்பொழுதுதான் தொடங்குகிறது. இதனையே இத்திங்கள் சிந்திப்போம்.

1993-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் அதிகாலை, மராட்டிய மாநிலத்தின் லாத்தூர், அன்றைய உஸ்மானாபாத் மாவட்டங்களில் நிலம் அதிர்ந்தது. கில்லாரி என்னும் ஊரும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களும் சில நொடிகளில் கற்குவியலாயின. முந்திய இரவு விநாயகர் சிலைகளை நீரில் கரைத்துவிட்டுத் திரும்பி அயர்ந்து உறங்கிய மக்களில் ஏறக்குறைய 8,000 பேர் மாண்டனர். அந்நிலமும் நம்முடையதைப் போன்ற கரிசல் மண்ணே. சோளமும் பயறும் விதைத்து, வானம் பார்த்து வாழும் மக்களே அவர்கள். கல்லை மண்சாந்தில் அடுக்கிய தடித்த சுவர், அதன்மேல் வெயிலுக்கு இதமாக மண்ணைப் பரப்பிய கனத்த கூரை. இதுவே அவர்கள் வீடு. கோடையில் அவர்களைக் காத்த அக்கூரையே அன்று அவர்களைப் புதைத்தது. அதற்கு முன்னர் நாட்டின் நிலநடுக்க வரைபடத்தில் அப்பகுதி மிகக் குறைந்த ஆபத்துள்ள இடமாகவே குறிக்கப்பட்டிருந்தது என்பதையும் நினைவிற் கொள்வோம். நமக்கு வராது என்று சொல்லத்தக்கவர் எவருமிலர்.

இறந்தோரை எரியூட்டியும் புதைத்தும் முடிக்கச் சில நாட்களாயின. ஆனால் முற்றிலும் அழிந்த 52 ஊர்களை வேறிடங்களில் எழுப்பி முடிக்கப் பல ஆண்டுகள் சென்றன. புதிய வீடுகள் நேரான தெருக்களில் வரிசையாக அமைந்தன. எனினும் பல ஊர்களில் மாடு கட்ட இடமில்லை; வயலோ தொலைவில்; உறவினர் கூடி வாழ்ந்த பழைய முற்றமும் இல்லை. வீடு கொடுத்தால் போதாது, வீட்டில் வாழப்போகிறவரைக் கேட்டுக் கொடுக்க வேண்டும் என்பதை அன்று பலரும் கற்றனர்.

அப்பாடம் எட்டாண்டுகளில் பயன்பட்டது. 2001 ஜனவரி 26, குடியரசு நாள் காலை 8.46 மணிக்குக் குஜராத்தின் கட்ச் பகுதி குலுங்கியது. அஞ்சார் நகரின் குறுகிய தெருவில் கொடியேந்தி அணிவகுத்துச் சென்ற 185 பள்ளிச் சிறாரும் 20 ஆசிரியர்களும் இடிபாடுகளில் மறைந்தனர். மாநிலம் முழுவதும் 13,000-க்கு மேற்பட்டோர் இறந்தனர். அம்முறை ஒப்பந்தக்காரரிடம் ஊரையே ஒப்படைப்பதற்கு மாறாக, பெரும்பாலும் வீட்டுக்குரியவர் கையிலேயே பணம் தவணை தவணையாக அளிக்கப்பட்டது. கொத்தனார்களுக்குப் பயிற்சி தரப்பட்டது. சுவர்களைச் சுற்றி ஒரே வளையமாய் ஓடும் கான்கிரீட் பட்டையை எவ்வாறு இடுவது என அவர்கள் கற்றனர்.

அரசு இவ்வளவும் செய்யுமாயின் திருச்சபையின் பிறரன்புப் பணிக்கு அங்கு என்ன வேலை எனச் சிலர் வினவலாம். அரசின் பதிவேட்டில் பெயருள்ளவனுக்கே தவணைப் பணம் கிட்டும். வாடகைக்குக் குடியிருந்தவன், மனைப்பட்டா இல்லாதவன், கணவன் பெயரில் இருந்த தாளைத் தேடித் திரியும் கைம்பெண் ஆகியோரின் கதி யாது? அவர்களைத் தேடிச் செல்பவர், அவ்விடத்திலேயே தங்கிப் பணியாற்றும் குருக்களும் கன்னியரும் தொண்டருமேயாவர். 1962-இல் இந்திய ஆயர் பேரவை நிறுவிய காரித்தாஸ் இந்தியா, இத்தகைய பேரிடர்களில் ஆங்காங்குள்ள மறைமாவட்டங்களின் சமூகப்பணி அமைப்புகள் வழியாகவே இயங்குகின்றது. கட்ச் பகுதியை உள்ளடக்கிய ராஜ்கோட் மறைமாவட்டத்தில் கத்தோலிக்கர் மிகச் சிலரே. உதவி பெற்றோரில் மிகப் பெரும்பாலோர் நம் மதத்தவர் அல்லர். காயமுற்றவனின் குலம் கேளாத நல்ல சமாரியனின் வழி அதுவேயன்றோ!

இத்தகைய பணியில் முதல் வாரத்தின் தேவை தார்ப்பாயும் குடிநீரும் உணவும். மூன்றாம் மாதத்தில் மழைக்கு முன் ஒரு தற்காலிகக் குடில். ஓராண்டில் விதை, கறவை மாடு, கொத்தனாரின் கூலி, பிள்ளையின் பள்ளிக்கட்டணம். முதல் வாரத் தேவைக்குப் பணம் தானாக வந்து குவியும். ஓராண்டுத் தேவைக்கு எவரும் உண்டியல் ஏந்துவதில்லை.

மற்றொன்றையும் இங்குக் கூறுதல் தகும். 2004 டிசம்பர் 26-இல் சுமத்ராவுக்கு அருகே கடலடியில் எழுந்த நிலநடுக்கம் ஆழிப்பேரலையாகி நம் தமிழகக் கரைகளில் ஏறக்குறைய 8,000 உயிர்களைக் கொண்டு சென்றது. அப்பொழுது நாகப்பட்டினம் பகுதிக்கு வந்த பழந்துணி, உடுத்துவார் இன்றிச் சாலையோரங்களில் குவியல் குவியலாகக் கிடந்தது. உழைத்து உண்ட மீனவ மக்கள் அதைக் கண்டு மனம் நொந்தனர். ஆயத்த ஆடை தைத்து வாழும் புதியம்புத்தூர் மக்களுக்கு இதன் பொருளை விளக்க வேண்டுவதில்லை. துணியின் மதிப்பை நம்மினும் அறிந்தவர் யார்? நாம் உடுத்தக் கூசுவதைப் பிறர்க்கு அனுப்புதல் ஈகையாகாது. அனுப்புவதாயின், அங்குள்ளோர் கேட்ட அளவில், புதியதாய்த் தைத்து அனுப்புவோம். கேளாவிடில் பணமாகவே அளிப்போம். அங்குள்ள கடையிலேயே அப்பொருள் வாங்கப்படுமாயின், இடிந்த ஊரின் வணிகனும் பிழைப்பான்.

நம் தையற்காரர்க்கு மிக நெருங்கிய புனிதர் ஒருவர் உளர். கூடாரம் செய்து பிழைத்த புனித சின்னப்பரே அவர். எருசலேமின் ஏழைகளுக்காக அவர் பல சபைகளில் காணிக்கை திரட்டினார். வாரத்தின் முதல் நாளில் ஒவ்வொருவரும் இயன்றதைத் தனியே எடுத்துவைக்கும்படி கேட்டார். வறியரான மக்கதோனிய மக்கள் தம் வலிமைக்கு மிஞ்சிக் கொடுத்ததைப் போற்றினார். கொரிந்து நகரத்தாரோ ஓராண்டுக்கு முன் ஆர்வமுடன் தொடங்கி நடுவே நின்றுவிட்டனர். தொடங்கியதை முடியுங்கள் என்று அவர்களுக்கு எழுதினார். அப்பணத்தைக் குறித்து எவரும் குறை சொல்லாதபடி, சபைகள் தேர்ந்த உடன்பணியாளரையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டார். தொடர்ந்து கொடுத்தல், முடியும்வரை கொடுத்தல், கணக்கோடு கொடுத்தல் ஆகிய மூன்றும் அன்றே வகுக்கப்பட்டுவிட்டன.

‘நம் தெருவிலேயே ஒழுகும் கூரை உண்டே’ எனச் சிலர் கூறுவர். உண்மைதான், அக்கூரையை மேய்வதும் நம் கடமை. ஆயினும் 1876-78 தாது வருடப் பஞ்சத்தில் நம் முன்னோர் கஞ்சித் தொட்டியை நாடி நின்றபோது, முகமறியா மக்கள் லண்டன் மேயர் திறந்த நிதிக்கு வாரி வழங்கினர். பிற்காலத்தில் அமெரிக்கக் கத்தோலிக்க நிவாரணச் சங்கம் வழியாக வந்த கோதுமையையும் பால்பவுடரையும் நம் மூத்தோர் மறந்திரார். தம் தெருவில் குறையேதும் இல்லாததாலா அவர்கள் நமக்கு அனுப்பினர்?

ஆதலின் ஒரு வழியை முன்வைக்கிறோம். நிலநடுக்கச் செய்தி வரும்போது எடுக்கப்படும் முதற் காணிக்கை வழக்கம்போல் நடைபெறட்டும். அதே நாளில், ஓராண்டு கழித்து எடுக்க வேண்டிய இரண்டாம் காணிக்கைக்கும் பங்கு நாட்காட்டியில் ஒரு ஞாயிற்றைக் குறித்து வைப்போம். இடையிலுள்ள பன்னிரண்டு மாதங்களும் தையற்காரர் மாதம் ஒரு டஜன் உருப்படியின் கூலியை எடுத்துவைக்கலாம். மானாவாரி உழவர், களத்தில் உளுந்தோ பாசிப்பயறோ ஒரு படி ஒதுக்கலாம். பிள்ளைகள் தவக்கால உண்டியலில் மிட்டாய்க் காசைச் சேர்க்கலாம். இரண்டாம் காணிக்கை நாளில், முதற் காணிக்கை எவ்வளவு, எங்குச் சென்றது, என்ன செய்தது என்பதைப் பலிபீடத்தின் முன் வாசிக்கச் செய்வோம்.

சிறு தொகையாயிற்றே என எவரும் தயங்க வேண்டா. எல்லாரும் மறந்த பின்னர் வந்து சேரும் சிறு தொகைக்கு, பணத்தினும் பெரியதொரு பொருள் உண்டு. இடிந்த சுவரருகே அமர்ந்திருக்கும் ஒருத்திக்கு, தன்னை இன்னும் சிலர் நினைவில் வைத்துள்ளனர் என்று அது சொல்லும்.