அடிவாரமும் சந்நிதியே

விடுமுறை வந்தால் குடும்பத்துடன் ஒரு நாள் தலயாத்திரை, இரவில் கடற்கரையோரம் ஒரு காட்டேஜில் தங்கல் என்பது இன்று பல இல்லங்களில் வழக்கமாகிவிட்டது. பிள்ளைகளுக்கு அது உல்லாசம். மூத்தவர்களுக்கோ மனத்தில் ஒரு தயக்கம்: தம்முடைய முழங்கால் வலி மற்றவர்களின் பயணத்துக்குத் தடையாகிவிடுமோ?

அத்தகைய தயக்கத்துடன்தான் 76 வயது மூதாட்டி ஒருவர், மகன் குடும்பத்துடன் காலை ரயிலில் செங்கல்பட்டில் வந்து இறங்கினார். முதல் தலம் திருக்கழுக்குன்றம். மலைமேல் வேதகிரீஸ்வரர், ஏறிச் செல்ல 500-க்கும் மேற்பட்ட படிகள். இளமையில் கணவருடன் ஏறியவர் அவர். உச்சிவேளையில் கழுகுகள் வந்து அமுதுண்டதைக் கண்ணாரக் கண்டவர். இன்று கழுகுகளும் வருவதில்லை; அவருடைய கால்களும் ஏறுவதில்லை.

"வெயில் ஏறுவதற்குள் நாங்கள் போய் வந்துவிடுகிறோம். நீங்கள் காரிலேயே இருங்கள், அம்மா" என்றான் மகன். அக்கறையோடுதான் சொன்னான். தாயின் முகம் வாடியதை மருமகள் மட்டுமே கவனித்தாள். கணவனையும் பிள்ளைகளையும் மலைக்கு அனுப்பிவிட்டு, மாமியாரின் கையைப் பற்றித் தாழக்கோயிலுக்கு அழைத்துச் சென்றாள்.

அங்கே எழுந்தருளியிருப்பவர் பக்தவத்சலேஸ்வரர், அம்பிகை திரிபுரசுந்தரி. 'வத்சம்' என்றால் கன்று. கன்றிடம் பசு கொண்ட பரிவை அடியாரிடம் கொண்டவர் என்பது அத்திருநாமத்தின் பொருள். கட்டுத்தறியில் நிற்கும் கன்று ஓடி வர இயலாதபோது, பசுவே அதைத் தேடி வரும். சந்நிதியில் நின்ற மூதாட்டியின் கண்கள் பனித்தன. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை சங்கு தோன்றும் சங்குத் தீர்த்தத்தையும் கண்டு வணங்கி, மனநிறைவுடன் திரும்பினார். பேரன் மலையிலிருந்து கொண்டுவந்த திருநீற்றைப் பாட்டியின் நெற்றியில் இட்டான்.

அங்கிருந்து மாமல்லபுரம் சுமார் 15 கி.மீ. தொலைவு. ராஜசிம்ம பல்லவன் எழுப்பிய கடற்கரைக் கோயிலில், இரண்டு சிவன் சந்நிதிகளுக்கு இடையே பாறையில் பள்ளிகொண்ட திருமாலைப் பிள்ளைகள் கண்டனர். மாலையில் நடை திறந்ததும் அனைவரும் ஊருக்குள் இருக்கும் தலசயனப் பெருமாளைச் சேவித்தனர். 108 திவ்ய தேசங்களுள் ஒன்றான திருக்கடல்மல்லை இதுவே. பூதத்தாழ்வார் அவதரித்த தலமும் இதுவே.

புண்டரீக மகரிஷி தாமரை மலர்களைப் பாற்கடல் நாதனின் திருவடியில் சாத்த விரும்பி, குறுக்கே நின்ற கடலைக் கையால் இறைக்கத் தொடங்கினாராம். பெருமாளே முதியவராக வந்து, பசிக்கு உணவு கேட்டு அவரை அனுப்பிவிட்டுத் தாமே நீர் இறைத்தார். முனிவர் உணவுடன் திரும்பியபோது, அம்மலர்களை ஏற்றுக்கொண்டு தரையிலேயே சயனித்திருந்தார் என்பது தல வரலாறு. ஆதிசேடனாகிய அணையும் இல்லாமல் வெறும் நிலத்தில் கிடந்த கோலம் அது. அடியவரால் கடலைக் கடக்க முடியவில்லை. ஆண்டவன் கரைக்கு வந்துவிட்டான்.

இரவு, சவுக்குத் தோப்பு நடுவே கிராமத்துக் காட்டேஜ். அலையோசை கேட்டுக்கொண்டிருந்தது. இருந்த ஒரே கட்டிலைத் தாய்க்குக் கொடுத்துவிட்டு, அதன் அருகே பாய் விரித்துப் படுத்தான் மகன்.

"பெருமாளைப் போல அப்பாவும் தரையில் படுத்துவிட்டார், பாட்டி!" என்று சிரித்தான் பேரன்.

மகன் சிரிக்கவில்லை. "காலையில் உங்களைக் காரில் இருக்கச் சொல்லிவிட்டேனே, அம்மா" என்றான் மெல்ல.

"மேலே இருப்பவரும் கீழே இருப்பவரும் ஒருவர்தானேப்பா. எனக்கு ஒரு குறையும் இல்லை. நிம்மதியாகத் தூங்கு" என்றார் தாய்.

யாத்திரைக்குத் திட்டமிடும் இளையவர்கள், தலங்களை எண்ணுமுன் வீட்டு மூத்தவரின் கால்களை எண்ணிப் பார்க்கட்டும். மலை ஏற இயலாத முதியவர்களும் மனம் தளர வேண்டியதில்லை. இறங்கி வந்து காத்திருக்கும் தெய்வத்துக்கு அடிவாரமும் சந்நிதியே.