ஃபிரிட்ஜுக்கும் மூச்சு முட்டும்!

பங்குனி பிறந்துவிட்டால் தர்மபுரி மாவட்டத்தில் இரண்டு பேருக்குக் கை ஓயாது. ஒருவர் இளநீர் வெட்டுகிறவர். இன்னொருவர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். அரூர், பென்னாகரம், பாலக்கோடு என்று எந்தப் பக்கம் போனாலும் புகார் ஒன்றுதான்: "கூலிங் பத்தலைங்க." வீட்டுக்காரர் சொல்லும் காரணமும் ஒன்றுதான்: "கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்."

கம்பெனி ஏமாற்றிய வீடுகளும் இருக்கலாம். ஆனால் பல வீடுகளில் ஃபிரிட்ஜின் கழுத்தை நெரித்தது வீட்டுக்காரரேதான். கோபம் வந்தால் வரட்டும், முழுசாகப் படித்துவிட்டுத் திட்டுங்கள் :-)

ஃபிரிட்ஜ் என்பது குளிரை உண்டாக்குகிற பெட்டி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது குளிரை உண்டாக்குவதே இல்லை. உள்ளே இருக்கிற சூட்டை இழுத்து வெளியே கொட்டுகிறது, அவ்வளவுதான். போர்வெல் மோட்டாரும் அது மாதிரிதான். தண்ணீர் 200 அடியில் கிடைத்தால் மோட்டாருக்கு ஒரு பாடு, 800 அடிக்குப் போய்விட்டால் வேறு பாடு. உள்ளே 4 டிகிரி, வெளியே 30 டிகிரி என்றால் ஃபிரிட்ஜ் சூட்டை 26 டிகிரி மேடு ஏற்றிக் கொட்ட வேண்டும். வெளியே 40 என்றால் 36 டிகிரி மேடு. 2024 ஏப்ரல் கடைசியில் தமிழ்நாட்டில் 40 டிகிரியைத் தாண்டிய ஊர்களின் பட்டியலில் தர்மபுரியும் இருந்தது. அது நிழலில் அளந்த கணக்கு. சிமெண்ட் ஷீட் போட்ட வீட்டுக்குள் என்ன இருந்திருக்கும் என்று அந்த வீட்டில் மதியம் படுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இந்த லட்சணத்தில் ஃபிரிட்ஜை எங்கே வைக்கிறார்கள்? ஹாலில், வாசலில் நுழைந்ததும் கண்ணில் படுகிற மாதிரி ஒரு மூலையில். ஏன் அங்கே? ஏனென்றால் அது சீர். கல்யாணத்தில் பெண் வீட்டார் கொடுத்தது, அல்லது மாதத் தவணையில் ரத்தம் சிந்தி வாங்கியது. நாலு பேர் பார்க்க வேண்டாமா? அந்த மூலை மேற்குச் சுவராக இருக்கும். மத்தியானத்திலிருந்து வெயில் வாங்கி ராத்திரி பத்து மணி வரை அனல் கக்கும் சுவர். அதில் ஃபிரிட்ஜின் முதுகை ஒட்டி வைத்தாயிற்று. பழைய மாடலில் சூடு கொட்டும் காயில் முதுகில் கறுப்பாகத் தெரியும். புது மாடல்கள் பலவற்றில் அது பக்கச் சுவருக்குள்ளேயே ஒளிந்திருக்கும். பக்கவாட்டில் கை வைத்தால் சுடுவது அதனால்தான்; அது கோளாறு இல்லை. அந்தப் பக்கத்தை பீரோவோடு ஒட்டி வைப்பதுதான் கோளாறு.

போதாததற்கு மேலே பூப்போட்ட கவர். அதன் பைகளில் கரண்ட் பில், ரேஷன் கார்டு, மாத்திரை அட்டை. அதற்கும் மேலே ஒரு பிளாஸ்டிக் பூந்தொட்டி, பக்கத்தில் பொங்கலுக்கு வந்த பரிசுப் பாத்திரம். ஓடுகிறவனுக்குக் கம்பளி போர்த்திவிட்டு "ஏன்டா வேர்க்குது?" என்று கேட்பது போல இருக்கிறது.

சரி, கூலிங் குறைந்துவிட்டது. அடுத்து என்ன நடக்கும்? வீட்டுத் தலைவர் எழுந்துபோய் உள்ளே இருக்கிற திருகைக் கடைசி எண்ணுக்குத் திருப்புவார். அப்படித் திருப்பினால் சீக்கிரம் குளிரும் என்று நினைப்பு. சாதாரண கம்ப்ரசர் எந்த எண்ணில் வைத்தாலும் ஒரே வேகத்தில்தான் ஓடும். எண்ணைக் கூட்டினால் அது நிற்காமல் ஓடும், அவ்வளவே. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் தமிழ்நாட்டில் கட்டண வரிசையே மாறிவிடும். 498-இல் நிற்க வேண்டிய வீடு 510-க்குப் போனால் ஏறுவது அந்த 12 யூனிட்டின் காசு மட்டும் இல்லை. லேபிளில் நட்சத்திரம் எண்ணி வாங்கியவர்கள் இந்தக் கணக்கை ஏன் எண்ணுவதில்லை?

அதற்கடுத்து நடப்பதுதான் கொடுமை. "நீ தொறந்து தொறந்து மூடுற, அதான் கெட்டுப்போச்சு" என்று பழி வீட்டுப் பெண் தலையில் விழும். பத்திரிகைகளில் வருஷா வருஷம் வருகிற கோடைக்கால டிப்ஸும் "இல்லத்தரசிகளே" என்றுதான் ஆரம்பிக்கும். கதவை அடிக்கடி திறக்காதீர்கள், சூடாக வைக்காதீர்கள், வாரம் ஒருமுறை துடையுங்கள்... எல்லாம் சரிதான். ஆனால் அந்த ஃபிரிட்ஜை எங்கே வைப்பது என்று முடிவு செய்தது யார்? முதுகுப் பக்கம் இழுத்துத் தூசி தட்டுவது யார் வேலை? மூன்று பேர் பிடித்து நகர்த்த வேண்டிய பொருளை அவர் ஒற்றையாளாக நகர்த்த வேண்டுமாம். ஜில் தண்ணீருக்குப் பத்து தடவை கதவைத் திறக்கிற பையனையும், திறந்து வைத்துக்கொண்டு "என்ன இருக்கு?" என்று கேட்கிற அப்பாவையும் எந்த டிப்ஸும் கண்டுகொள்வதில்லை. குடிதண்ணீரை ஒரு மண்பானையில் வைத்தாலே பாதித் திறப்பு குறைந்துவிடும்.

உள்ளே அடைக்கிற விஷயத்திலும் ஒரு வார்த்தை. பாலக்கோடு தக்காளி விலை சரிந்தால் பெட்டியோடு வாங்கி ஃபிரிட்ஜில் திணிப்பது வழக்கம். பழுக்காத தக்காளி குளிரில் பழுக்காது, ருசியும் போய்விடும். அது கூடையில் இருக்கலாம். காற்று சுற்ற இடம் இல்லாமல் தக்காளியும் மாவுச் சட்டியும் நெருக்கினால், குளிர வேண்டிய பால் குளிராது. கொதிக்கிற சாம்பாரை உள்ளே வைப்பது தப்பு என்றால், மதியம் வைத்த சாம்பாரை ராத்திரி வரை வெளியே விடுவதும் தப்பு. 32 டிகிரிக்கு மேல் போன வெயிலில் சமைத்த உணவு வெளியே இருக்க 1 மணி நேரம்தான் கணக்கு. அகலமான பாத்திரத்தில் ஊற்றித் தண்ணீர்த் தட்டில் வைத்தால் அதற்குள் ஆறிவிடும்.

"எல்லாம் சரி, கரண்ட் ஒழுங்காக வந்தால்தானே?" என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி. 2012-இல் சென்னைக்கு 2 மணி நேர மின்வெட்டு, மற்ற மாவட்டங்களுக்கு 10 மணி நேரத்துக்கும் மேல். அந்த வருஷம் தர்மபுரியில் பால் திரிந்ததற்கு எந்த இல்லத்தரசியும் காரணம் இல்லை. கடைக்காரர்களும் யோக்கியம் இல்லை. பல ஃபிரிட்ஜ்களின் ஸ்டிக்கரில் தட்பவெப்ப வகுப்பு என்று ஒரு எழுத்து இருக்கும். 'என்' என்றால் 32 டிகிரி வரை, 'எஸ்டி' என்றால் 38 வரை, 'டி' என்றால் 43 வரை. கதவில் இருக்கிற பூ டிசைனைப் பத்து நிமிஷம் காட்டுகிற விற்பனையாளர் இந்த ஒற்றை எழுத்தைக் காட்டுவதில்லை. கேட்கவும் ஆளில்லை.

ஆனால் கரண்ட் வராததற்கு மின்வாரியத்தைத் திட்டலாம். சுவரோடு ஒட்டி வைத்ததற்கு யாரைத் திட்டுவது? கரண்ட் போனால் கதவைத் திறக்காமல் இருந்தால் 4 மணி நேரம் குளிர் நிற்கும். ஃப்ரீசரில் இரண்டு பாட்டில் தண்ணீர் உறைந்திருந்தால் இன்னும் கொஞ்சம் தாங்கும். கரண்ட் வந்ததும் உடனே போடாமல் ஐந்து நிமிஷம் பொறுத்தால் கம்ப்ரசர் பிழைக்கும். இதற்கெல்லாம் காசு செலவில்லை.

இது வெறும் பால், தயிர் சமாச்சாரம் இல்லை. வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால், பிரிக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். கடைசி எண்ணுக்குத் திருகி அது உறைந்துபோனாலும் குப்பைதான். ஃப்ரீசர் ஐஸைக் கத்தியால் குத்திப் பெயர்ப்பது இன்னொரு வீர விளையாட்டு. புது மாடல்களில் ஓடுகிற ஐசோபியூட்டேன் தீப்பற்றக்கூடிய வாயு. குத்து தவறினால் என்ன ஆகும்? 2022 நவம்பரில் ஊரப்பாக்கத்தில், நெடுநாள் பூட்டிக் கிடந்த வீட்டுக்குத் திரும்பி வந்த குடும்பத்தில் மூன்று பேர் மூச்சுத் திணறி இறந்தார்கள். ஃபிரிட்ஜில் ஏற்பட்ட மின்கசிவே காரணம் என்று அப்போது செய்திகள் சொல்லின. வயரையும் பிளக்கையும் வருஷத்துக்கு ஒருமுறையாவது பார்ப்பது பயந்தாங்கொள்ளித்தனம் இல்லை.

வணிகவியலில் முதல் வருஷமே சொல்லிக் கொடுப்பார்கள்: இயந்திரம் வாங்குவது ஒரு செலவு, அதைப் பராமரிப்பது இன்னொரு செலவு. இரண்டாவதைச் செய்யாதவருக்கு முதலாவது சீக்கிரமே திரும்ப வரும். கம்ப்ரசர் போய்விட்டால் வருகிற பில்லைக் கட்ட, கூலி வேலைக்குப் போகிற குடும்பம் எத்தனை நாள் உழைக்க வேண்டும்?

எனவே குடும்பத் தலைவர்களே, கத்திரி வெயில் தொடங்குவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்குங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஃபிரிட்ஜை இழுங்கள். முதுகுத் தூசியைத் தட்டுங்கள். மேற்குச் சுவரை விட்டு நகர்த்தி, பின்னாலும் பக்கத்திலும் அரைச் சாண் இடம் விடுங்கள். கவரைக் கழற்றி எறியுங்கள். கதவு ரப்பரில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் உருவிக்கொண்டு வந்தால் ரப்பரை மாற்றுங்கள். அதற்குப் பிறகும் கூலிங் வரவில்லையா?

அப்போது கம்பெனியைத் திட்டுங்கள். அதுவரை வீட்டுக்காரம்மாவைத் திட்டாதீர்கள்.