பினாயில் போதாது!

பூதிகோட்டையிலும் தங்கவயலிலும் நம்மவர்கள் கட்டும் புது வீடுகளில் துணி துவைக்கத் தனி அறை வந்துவிட்டது. நல்லதுதான். ஆனால் உள்ளே நுழைந்தால் சாக்கடை நாற்றம்! உடனே பினாயில் தெளிக்கிறோம். அது அரைமணி நேரக் கூத்து.

கழிவுநீர்க் குழாயின் வாயில் 'நஹானி ட்ராப்' என்ற கிண்ணத்தைப் பதிக்க வேண்டும். அதில் சுமார் 2 அங்குலம் தண்ணீர் எப்போதும் நின்று சாக்கடைக் காற்றை மறிக்கும். காசு மிச்சமென்று சிலர் அதை வைக்காமலே குழாயை நேரே இறக்கிவிடுகிறார்கள். வைத்த வீட்டிலும், ஜீவநதி இல்லாத கோலார் மாவட்டத்தில் தண்ணீர்த் தட்டுப்பாடு வந்தால் கிண்ணம் காய்ந்துவிடுகிறது.

மூக்கைப் பிடித்துக்கொண்டால் தீருகிற விஷயமல்ல இது. 2003-ல் ஹாங்காங்கின் அமாய் கார்டன்ஸ் குடியிருப்பில் 300 பேருக்கு மேல் 'சார்ஸ்' நோய் கண்டது. குளியலறைத் தரையில் காய்ந்து கிடந்த ட்ராப் வழியாகக் கிருமி பரவியிருக்கலாம் என்றே அங்கே நடந்த விசாரணை கூறியது.

ஆகவே கொத்தனாருக்குக் கணக்குத் தீர்க்குமுன் ட்ராப் இருக்கிறதா என்று பாருங்கள். வாடகை வீடானால் வீட்டுக்காரரைக் கேளுங்கள். அட்வான்ஸ் வாங்கக் கூசாதவர் இதற்கு ஏன் தயங்க வேண்டும்? பொங்கலுக்கு ஊர் போகிறவர்கள் ஒரு சொம்பு தண்ணீரும், அது வற்றாமலிருக்க இரண்டு கரண்டி சமையல் எண்ணெயும் ஊற்றிவிட்டு வீட்டைப் பூட்டுங்கள்.