கட்டுமரமும் அணைக்கட்டும் இருக்க, விக்டரி நமக்கு எதற்கு?

கொஞ்சம் நீளமான பதிவுங்க. பொறுமையாகப் படியுங்கள்.

நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அந்தப் பட்டியல் மறுபடியும் வந்துவிட்டது. ஆங்கிலத்துக்குத் தமிழ் கொடுத்த சொற்களாம். எட்டுதான் எய்ட் ஆச்சு, வெற்றிதான் விக்டரி ஆச்சு, கொல்தான் கில் ஆச்சு. கடைசி வரியில் "உண்மைத் தமிழன் என்றால் பகிரவும்" என்று ஒரு மிரட்டல் வேறு. பகிர்ந்தவர்களில் என்னிடம் நாலாம் வகுப்பு படித்தவர்களும் உண்டு, எனக்கு மாமன் மச்சான் முறை ஆகிறவர்களும் உண்டு. யாரையும் குறை சொல்ல எழுதவில்லை. ஆனால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

எய்ட் என்பதற்கு லத்தீனில் ஆக்டோ. பழைய ரோமானியர் கணக்கில் எட்டாவது மாதம்தான் அக்டோபர். விக்டரிக்கு லத்தீனில் விக்டோரியா. இரண்டு சொல் காதுக்கு ஒரே மாதிரி கேட்டால் ஒரே சொல் ஆகிவிடுமா? ஊரில் இரண்டு பேர் ஒரே ஜாடையில் இருந்தால் உடனே அண்ணன் தம்பி என்று பந்தியில் உட்கார வைக்கிறோமா? எந்த ஊர், யார் மகன் என்று கேட்போம் இல்லையா? சொல்லுக்கும் அதே விசாரணைதான். யார் கேட்டார்கள், எந்தக் கப்பலில் போனது, எந்த ஆண்டு எழுதினார்கள் என்று பார்க்க வேண்டும்.

அப்படி விசாரித்தால் நமக்கு ஒன்றும் நட்டமில்லை. கட்டுமரத்தைச் சோழமண்டலக் கரையில் பார்த்து, 1697-இல் வந்த தன் பயணப் புத்தகத்தில் வில்லியம் டேம்பியர் எழுதினார். சுருட்டு செரூட் ஆச்சு. மிளகுத்தண்ணி முல்லிகடானி ஆச்சு. நம் ரசத்தில் கறியைப் போட்டு சூப் என்று குடித்தார்கள், அது அவர்கள் பாடு. காசு கதை இன்னும் சுவாரசியம். பணம் என்று பொருள்படும் கேஷ் நம்முடையது அல்ல. அது ஐரோப்பாவில் பணப்பெட்டியைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. ஆனால் மதராஸில் கம்பெனிக் கணக்கில் ஓடிய சின்ன நாணயமான கேஷ் நம் காசேதான். 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். ஒரே எழுத்து, இரண்டு வெவ்வேறு சொல்.

நம்ம பக்கத்துக்கு வாங்க. கொடிவேரிக்குக் குளிக்கப் போகிறீர்கள். அரசாங்க ஆங்கிலத்தில் அது கொடிவேரி அனிகட். பவானியில் காலிங்கராயன் அனிகட். அணைக்கட்டு என்ற நம் சொல்லை வெள்ளைக்கார இன்ஜினியர்கள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். கல்லணையைப் பார்த்து வேலை கற்ற ஆர்தர் காட்டன், கோதாவரியில் கட்டியதற்கும் அனிகட் என்றே பெயர். இன்றைக்கு இலங்கையிலும் ராஜஸ்தானிலும்கூட அந்தப் பெயர் புழங்குகிறது. சொல் மட்டும் போகவில்லை, தண்ணீரைத் தடுக்கும் தொழிலும் சேர்ந்து போனது. இதைவிடப் பெருமை வேறென்ன வேண்டும்?

குருந்தக்கல்தான் கொரண்டம். மாணிக்கமும் நீலமும் இந்த வகைக் கல்தான். 1798-இல் சார்லஸ் கிரெவில் லண்டன் ராயல் சொசைட்டியில் அதைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். அந்தக் கல் கிடைக்கும் இடங்களில் ஒன்று நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டி. ஆமாம், நிலவு மண் மாதிரி செய்ய இஸ்ரோ பாறை எடுத்துப் போன அதே ஊர்தான்.

தேக்கும் மாங்காயும் போர்த்துக்கீசியர் வழியாகப் போனவை. அவர்கள் மலையாளக் கரையில் கேட்டவர்கள். அதனால் அந்தப் பெருமையில் பாலக்காட்டுக்காரர்களுக்கும் பங்கு கொடுத்துவிடுவோம். நம் ஆனைமலையில் தேக்கை வெட்டி மேலிருந்து உருட்டிவிட்ட இடத்துக்கு டாப்சிலிப் என்று அவர்கள் பெயர் வைத்தார்கள், நாமும் வைத்துக்கொண்டோம். கொடுக்கல் வாங்கல் சரியாப் போச்சு.

ஆனால் எல்லாப் பட்டியலிலும் பெருமையோடு ஒரு சொல் இருக்கிறது. பரையா. ஆங்கிலப் பத்திரிகையில் ஒரு நாட்டை உலகமே ஒதுக்கினால் "பரையா ஸ்டேட்" என்று எழுதுகிறார்கள். தெருநாய்க்குக்கூட அந்தப் பெயரை வைத்தார்கள். உழைத்து வாழும் ஒரு சமூகத்தின் பெயர் அது. அதற்கு "ஒதுக்கப்பட்டவன்" என்ற பொருளை வெள்ளைக்காரன் அகராதியைப் பார்த்துக் கண்டுபிடிக்கவில்லை. நம் ஊரில் நாம் நடத்திய விதத்தைப் பார்த்து எழுதிக்கொண்டான். இந்தப் பக்கத்து டீக்கடைகளில் இரட்டை டம்ளர் இருந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். என் வயதுச் சொந்தக்காரர்களும் பார்த்திருக்கிறார்கள், இப்போது மறந்த மாதிரி பேசுகிறார்கள்.

1893-இல் இரட்டைமலை சீனிவாசன் தன் பத்திரிகைக்குப் "பறையன்" என்றே பெயர் வைத்தார். ஒளிக்காமல், தலைநிமிர்ந்து. அந்தச் சொல்லைப் பெருமையாகச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. "தமிழ் தந்த கொடை" என்று கட்டுமரத்துக்குப் பக்கத்தில் அதைப் போட்டுக் கைதட்ட நமக்கு என்ன உரிமை?

பட்டியலில் இருந்து அதை எடுத்துவிடவும் நான் சொல்லமாட்டேன். இப்போது ஆசிரியராக இருக்கும் என் பிள்ளைகளே, வகுப்பில் இந்தச் சொற்களைச் சொல்லும்போது அதையும் சொல்லுங்கள், வந்த கதையோடு சொல்லுங்கள். பையன்கள் கேள்வி கேட்பார்கள். பதில் சொல்ல ஒரு பீரியட் முழுக்கப் போனாலும் பரவாயில்லை.