கம்மிய குரலும் கூத்துக் களரியும்

செங்கலடி–பதுளை வீதியிலே கரடியனாற்றைச் சூழ்ந்த படுவான்கரைக் கிராமங்களில், மாதக்கணக்கான கூத்துப் பழக்கம் சதங்கை அணிவிழாவையும் கடந்து அரங்கேற்றத்தை நெருங்கும் வேளையில், மத்தளத்துக்கும் சல்லரிக்கும் மேலாகப் பாடிப் பாடித் தொண்டை கட்டிப்போன அண்ணாவியாரைக் கண்டால், "மனுசன்ட உழைப்பு அப்படி" என்று ஊரார் பெருமையோடு சொல்வதுண்டு. அந்தப் பெருமையை நான் ஆட்சேபிக்கிறேன். கம்மிய குரலை விருதாகக் கொண்டாடும் இவ்வழக்கத்தால், வைத்தியரிடம் போகவேண்டியவர் கொத்தமல்லித் தண்ணீரோடு காலங்கடத்துகிறார். விழுங்குவது எதுவும் உணவுக்குழாய் வழியே இறங்குமேயன்றிக் குரல்நாண்களைத் தொடுவதில்லை, தொட்டால் புரையேறிவிடும்.

சுவாசக்குழாயின் வாயிலிலே அமைந்த அவ்விரு மெல்லிய மடிப்புகளும், ஆடவர் சாதாரணமாகப் பேசும்போதே செக்கனுக்கு நூறு தடவைக்கு மேலும், பெண்கள் பேசும்போது இருநூறு தடவையளவிலும் ஒன்றோடொன்று மோதுகின்றன. 1854ஆம் ஆண்டில் பல்வைத்தியரின் சிறு கண்ணாடியையும் சூரிய ஒளியையும் துணைக்கொண்டு தம் குரல்நாண்களைத் தாமே பார்த்து, மறு வருஷம் லண்டன் ராயல் சொசைட்டிக்கு அதனை அறிவித்த மனுவேல் கார்சியா வைத்தியரல்லர், சங்கீத ஆசிரியர் என்பது நம் அண்ணாவிமார் அறியத்தக்கது.

ஓயாமல் உரத்துப் பாடுவோருக்கும், நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் நாள்முழுதும் கத்தும் உபாத்தியாயர்களுக்கும், மோதல் மிகுந்த இடத்திலே, மண்வெட்டி பிடித்த கையில் காய்ப்பு ஏறுவதுபோல, இரு நாண்களிலும் எதிரெதிரே தடிப்பு உண்டாகிறது. இதற்குப் பெரும்பாலும் கத்தி வேண்டியதில்லை. குரலுக்குச் சிறிது ஓய்வும், பேச்சுச் சிகிச்சையாளர் கற்பிக்கும் அப்பியாசமும் போதும். ஓய்வென்று சொல்லிக் குசுகுசுத்துப் பேசுவதோ, அடிக்கடி தொண்டையைச் செருமுவதோ உதவாது. வேளாண்மைக் காவலில் யானை விரட்டக் கூச்சலிட்ட ஒரே இரவிலும் ஒருபக்க நாணில் இரத்தங்கட்டி வீக்கமாகலாம். அது கரையாவிடின் நுண்ணோக்கியின் துணைகொண்டு அகற்றுவர். கேடயச் சுரப்பிச் சத்திரசிகிச்சைக்குப் பின் நரம்பு பழுதுற்று ஒரு நாண் அசைவற்றுப்போவதும் உண்டு. அதனை நடுப்பக்கம் நகர்த்திக் குரலை மீட்கவும் வழியிருக்கிறது.

புகைபிடிப்பவரின் குரல் மூன்று வாரங்கடந்தும் தெளியாவிட்டால் புற்றுநோயை நினைத்தே ஆகவேண்டும். குரல்நாணில் தோன்றும் புற்றுநோய் குரல்மாற்றத்தால் முன்கூட்டியே தன்னைக் காட்டிக்கொடுப்பது. தொடக்கத்தில் கண்டால் கதிர்வீச்சினாலோ லேசரினாலோ பெரும்பாலும் குணமாகக்கூடியது. அந்த மூன்று வாரத்தை ஊரார் மெச்சுதலில் கழிப்பது எத்தனை விபரீதம்!

களனிப் பல்கலைக்கழகத்தின் இராகமை மருத்துவ பீடம் பேச்சுச் சிகிச்சையாளரைப் பயிற்றுவிக்கிறது. அவர்களுள் தமிழ் பேசுவோர் படுவான்கரைக்கு மாதமொரு முறையேனும் வரச் சுகாதார அதிகாரிகள் ஏற்பாடு செய்யவேண்டும். தாழங்குடாக் கல்வியியற் கல்லூரியிலும், கல்லடி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலும் குரல் பேணுதல் ஒரு பாடமாகவே அமைதல் தகும். ஒலிபெருக்கி வந்தால் கூத்தின் களை போய்விடும் என்போரோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் பழக்க நாள்களில் அண்ணாவியார் தருவைத் தாழ்ந்த சுருதியில் சொல்லிக்கொடுத்து, எடுத்துப் பாடும் சுமையைப் பிற்பாட்டுக்காரரோடு பகிர்ந்துகொண்டு, முழுக்குரலை அரங்கேற்ற இரவுக்கு வைத்திருந்தால் எந்த மரபும் கெட்டுவிடாது.